மாண்டவர் மீண்டு வரும் கூத்து

ஐப்பசி மாதத்துக் கந்த சஷ்டியின் ஆறாம் நாள் திருச்செந்தூர்க் கடற்கரையில் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடி நிற்க, யானைமுகமும் சிங்கமுகமும் மாறி மாறிப் பூண்டு வருகிற சூரபத்மன் மேல் சுவாமியின் வேல் பாய்கிற அதே அந்திப்பொழுதில், திருத்தணி மலைமேல் அவ்விதமான ஆரவாரம் ஒன்றும் இல்லாமல் முருகப்பெருமானுக்குப் புஷ்பாஞ்சலி நடைபெறுகிறது. ஆறு படைவீடுகளுள் ஐந்தாவதாகிய இந்தத் தலத்தில் சூரசம்ஹாரம் நடத்தும் வழக்கம் இல்லை. சூரனோடு செய்த போரிலும், வள்ளியை மணக்கும் பொருட்டு வேடரோடு செய்த போரிலும் மூண்ட கோபமெல்லாம் ஆறிச் சாந்தமாய் வந்து அமர்ந்த இடம் இது என்று ஐதிகம் சொல்லுவதால், இங்கே வந்தமர்ந்தவனைத் திரும்பவும் கோபம் கொள்ளச் செய்வது தகாது என்று முன்னோர் கருதினார்கள்.

கந்தபுராணத்தைப் புரட்டிப் பார்த்தாலும் இந்த முறை சரியாகவே இருக்கிறது. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியர் பாடிய அந்தப் பெருநூலின் ஆறு காண்டங்களில், சூரனை அழிப்பது யுத்த காண்டத்தில் வருகிறது. வள்ளியம்மை திருமணமோ தக்ஷ காண்டத்தின் இறுதிப் படலமாக, நூலையே முடித்து வைக்கிறது. வள்ளியை மணந்த பெருமான் அவளோடு வந்து தங்குகிற மலையாக அங்கே தணிகை பேசப்படுகிறது. ஆகவே, கதையின் போக்கில் யுத்தம் வேறொரு காலத்தது, தணிகை வேறொரு காலத்தது; அந்தக் கால வரிசையைக் கலைக்காமல், திருவிழாவின் ஜனக்கூட்டத்தையும் வருமானத்தையும்கூடப் பொருட்படுத்தாமல், ஓர் ஊர் ஒரு பாத்திரத்தின் சுபாவத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறது என்பதை எண்ணும்போது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டாகிறது.

ஒரே இரவில் தொடங்கி ஒரே இரவில் முடிகிற கதைக்கு இந்தக் கவலை இல்லை. பல இரவுகளாக நீளுகிற கதைக்கு, அதிலும் முதல் இரவில் வந்தவன் ஆறாம் இரவிலும் பத்தாம் இரவிலும் திரும்பி வருகிற கதைக்கு, அவன் அவனாகவே வருகிறானா என்ற கேள்வி தப்பாமல் எழும். தணிகை மலையின் அடிவாரத்திலிருந்து நாலு திசையிலும் பரந்து கிடக்கிற தொண்டைமண்டலத்துக் கிராமங்கள் இந்தக் கேள்விக்குத் தங்கள் பாரதக் கூத்தினால் பல நூற்றாண்டுகளாக விடை சொல்லி வந்திருக்கின்றன.

இந்த நாட்டில் பாரதம் மிகப் பழைய சொத்து. காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் ஊரில் கிடைத்த, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு, அங்கே எழுப்பிய சிவாலயத்துக்கு நிலங்களை எழுதி வைக்கும்போது, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவனுக்கு என்று ஒரு பங்கைத் தனியே ஒதுக்குகிறது. திருத்தணியிலேயே உள்ள வீரட்டானேசுவரர் கோயில், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அபராஜிதவர்மன் காலத்தில் நம்பி அப்பி என்பவரால் கட்டப்பட்டது; அந்த அரசன் தானே பாடியதாக ஒரு தமிழ் வெண்பாவும் அங்கே கல்லில் இருக்கிறது. கோயிலும் தமிழும் அரசும் இப்படி ஒன்றியிருந்த அந்த நூற்றாண்டிலேயே பெருந்தேவனாரும் பாரதத்தை வெண்பாவில் பாடினார். பின்னர் வில்லிபுத்தூரார் வந்து, நாலாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட விருத்தங்களில் பத்துப் பருவங்களைப் பாடிப் போரின் முடிவோடு நிறுத்திக் கொண்டார். அந்த விருத்தங்களே இன்றைக்கும் திரௌபதியம்மன் கோயில் வாசலில் பிற்பகல் வேளைகளில் பாரதப் பிரசங்கியார் இசையோடு பாடி, பதம் பிரித்து, நீட்டி முழக்கி விரித்துச் சொல்லுகிற பாடமாக இருக்கின்றன.

பிற்பகலில் காதால் கேட்டதை இரவில் கண்ணால் காண்பது இந்தத் திருவிழாவின் கிரமம். கொடியேறிய பிறகு சில நாள் கழித்துக் கூத்து தொடங்கும். வில்வளைப்பு, ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, விராட பர்வம், கிருஷ்ணன் தூது, அரவான் களப்பலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுக்கு ஒன்றாக நடந்து, கடைசி விடியலில் படுகளமும் அன்று மாலை தீமிதியும் ஆகி முடியும். எந்த நாடகத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது அந்தந்த ஊராரின் வசதியையும் பணத்தையும் பொறுத்தது.

இந்த வைபவம் தமிழ் பேசும் கிராமங்களோடு நின்றுவிடவில்லை. நகரி, புத்தூர், சித்தூர் என்று வடக்கே தெலுங்கு பேசும் ஊர்களிலும் தர்மராஜா கோயில்கள் உண்டு. அங்கும் மண்ணால் செய்த துரியோதனனின் தொடை உடைகிறது, அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகிறான், மக்கள் தீ மிதிக்கிறார்கள். 1911-ல் சித்தூர் ஜில்லா உண்டாக்கப்பட்டபோது அதில் சேர்ந்து, 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது அதனோடு போய், ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்துக்குத் திருத்தணி திரும்பி வந்தது. எல்லைக்கோடு இப்படி அங்கும் இங்கும் நகர்ந்த காலத்திலும் பீமன் கோட்டின் இரு பக்கத்திலும் ஒரே பீமனாகவே இருந்தான். பாஷை மாறினால் பாட்டு மாறும், வசனம் மாறும். கதை கேட்டு வளர்ந்த கிழவிக்குப் பீமன் இன்னான் என்பதில் சந்தேகம் வருவதில்லை.

இனி, கூத்தாடிகள் இந்தக் காரியத்தை எவ்விதம் சாதிக்கிறார்கள் என்று பார்க்கலாம். பகடை துகிலில் துரியோதனனாக வேஷம் கட்டியவரே பதினெட்டாம் போரிலும் கட்டுவார் என்பது நிச்சயமில்லை. ஒருவருக்குக் குரல் கம்மிவிடும், ஒருவர் வேறு ஜமாவுக்குப் போய்விடுவார், அல்லது கடைசி இரவின் துரியோதனனுக்கு மூத்த ஆள்தான் வேண்டும் என்று வாத்தியார் தீர்மானிப்பார். இப்படி ஒரு பாத்திரம் உடம்பு விட்டு உடம்பு பாய்ந்து போய்க்கொண்டே இருந்தாலும், ஊராருக்கு அவன் அதே துரியோதனன்தான். இதற்கு முதற்காரணம் அவன் வரும் விதம். வேஷக் கொட்டகையில் மணிக்கணக்காக அரிதாரம் பூசி, கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித்துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கட்டி, இரண்டு பேர் விரித்துப் பிடித்த திரைக்குப் பின்னால் அவன் வந்து நிற்கிறான். முகம் தெரியாது, திரைக்கு மேலே கிரீடத்தின் முனை மட்டும் அசையும், கீழே சலங்கை கட்டிய பாதங்கள் தாளம் போடும். மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் ஏறி ஒலிக்க, திரைக்கு உள்ளிருந்தபடியே அவன் தன் விருத்தத்தைப் பாடுகிறான். திரை விலகியதும் சிவப்பு முகத்தோடு சுழன்று வந்து ஆடி நிற்பவனைக் கட்டியக்காரன் இன்னார் என்று விசாரிக்கிறான்; அவனும் தன் குலம், பட்டம், பராக்கிரமம் எல்லாவற்றையும் தானே சொல்லி அறிமுகம் செய்து கொள்கிறான். நேற்று இரவு முழுதும் பார்த்த ராஜாதானே என்று யாரும் அலுத்துக் கொள்வதில்லை. ஒவ்வோர் இரவும் தன்னை இன்னான் என்று சபையில் சொல்லியாக வேண்டும் என்ற இந்த நியதி, நாடகக் கலையில் நம்மவர் கண்ட பெரிய உபாயங்களில் ஒன்று என்பது என் துணிபு.

இரண்டாவது காரணம் சபதம். பகடை துகில் இரவில் துச்சாதனன் வேஷம் கட்டியவர், திரௌபதியின் சேலையில் கை வைப்பதற்கு முன் அம்மனை வணங்கி மன்னிப்புக் கேட்டுக் கொள்வார். திரௌபதியாக வேஷம் கட்டிய ஆடவருக்கு ஆவேசம் வருவதும், சபையில் கற்பூரம் காட்டுவதும் உண்டு. அன்றைக்கு அவிழ்ந்த கூந்தல், பகைவன் ரத்தத்தைத் தடவி முடிக்கிற வரையில் முடியப்படாது. வியாச பாரதத்தில் பீமனுடைய சபதங்கள் விளங்கக் கிடக்கின்றன. கூந்தலைப் பற்றிய சபதமோ பட்டநாராயணர் இயற்றிய வேணீசம்ஹாரம் என்ற வடமொழி நாடகத்தில் மேலோங்கி வந்து, தமிழ்நாட்டில் கதையின் முதுகெலும்பாகவே ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை இரவு எத்தனை பேர் திரௌபதியாக வந்தாலும் அவிழ்ந்த கூந்தலோடுதான் வந்தாக வேண்டும். அந்தக் கூந்தலைக் கண்டவுடனேயே, பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்குக்கூட இவள் யார், இவளுக்கு இன்னும் பாக்கி என்ன என்பது சொல்லாமல் விளங்கிவிடும்.

சிறிய பாத்திரங்களிலும் இந்த உறுதியைக் காணலாம். யுத்தத்துக்கு நாள் பார்க்கத் துரியோதனன் போகிற இடம் பகைவனாகிய சகாதேவனின் வீடு. அவனும் தன் குலத்துக்கே கேடு வரும் என்று தெரிந்திருந்தும் ஒளிக்காமல் நல்ல நாளைச் சொல்லிவிடுகிறான். சகாதேவன் பொய் சொல்ல மாட்டான் என்பதைத் துரியோதனனும் நம்புகிறான், சபையும் நம்புகிறது. அந்த நம்பிக்கையின் மேல்தான் கதையின் அடுத்த படி ஏறுகிறது.

அந்த அடுத்த படிதான் அரவான். மாந்தர் முரணின்றி இருக்க வேண்டும் என்ற விதிக்கு நம் பாரதத்தில் வந்த பெரிய சோதனை அவனே ஆவான். வடமொழியில் அர்ச்சுனனுக்கும் நாககன்னிகைக்கும் பிறந்த இராவான், யுத்தத்தின் எட்டாம் நாள் அலம்புசன் என்ற அரக்கனால் மாள்கிறான். தமிழிலோ பெருந்தேவனார் காலத்திலிருந்தே யுத்தம் தொடங்குமுன் அவன் காளிக்குக் களப்பலி ஆகிறான். பலியானவன் எட்டாம் நாள் எப்படி வந்து போர் செய்வான்? வில்லிபுத்தூரார் இரண்டையும் விட மனமில்லாமல், தன் உடம்பை அரிந்து பலி கொடுத்த பின்னும் சில நாள் யுத்தத்தைக் காணக் கண்ணன் வரம் அருளினான் என்று வைத்து, எட்டாம் போரில் அவனை முறைப்படி மாளச் செய்தார். கிராமத்து ஜனங்கள் இந்தச் சமாதானத்தோடு நிற்கவில்லை. வெட்டுண்ட தலையே உயிரோடு இருந்து பதினெட்டு நாள் போரையும் பார்த்தது என்று கொண்டார்கள். கண்ணன் மோகினியாக வந்து ஓர் இரவு அவனுக்கு மனைவியானான் என்றும் சேர்த்தார்கள். கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரையில் நடக்கும் விழா அந்தக் கதையின் மேல் எழுந்ததுதான். புலவரின் திருத்தம் சாமர்த்தியமானது; ஜனங்களின் திருத்தம் அதைவிடச் சத்தியமானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் தானே விரும்பித் தலை கொடுத்தவனுக்கு, தான் எதற்காகக் கொடுத்தோமோ அதைக் கடைசி வரை பார்க்கிற உரிமை உண்டு. அவன் திரும்பி வருவது கதையின் சௌகரியத்துக்காக இல்லாமல் அவன் சுபாவத்தின் பலனாகவே அமைந்துவிடுகிறது.

மேல்நாட்டார் இக்காலத்தில் நடைப்பிணங்களை வைத்துக் கட்டுகிற கதைகளிலும் இந்தப் பிரச்சினையே தலைகாட்டுகிறது. 2012-ல் டெல்டேல் என்ற நிறுவனம், ராபர்ட் கர்க்மன் எழுதிய சித்திரக்கதையைத் தழுவி 'தி வாக்கிங் டெட்' என்ற வீடியோ விளையாட்டைப் பாகம் பாகமாக வெளியிட்டது. அதில் சிறுமியாக வரும் கிளமென்டைன், 2019 வரை நான்கு தொகுதிகளில் வளர்ந்து வருகிறாள். மெலிசா ஹட்சிசன் என்ற ஒரே நடிகையின் குரல் அவளை முதலிலிருந்து கடைசி வரை தாங்கியது. ஆடுகிறவர் முன் பாகத்தில் செய்த முடிவுகள் அடுத்த பாகத்துக்கும் தொடர்ந்து வரும் என்பது அந்த விளையாட்டின் ஏற்பாடு. ஆகவே ஒருவருடைய கிளமென்டைன் இரக்கமுள்ளவளாகவும் இன்னொருவருடையவள் கடினசித்தம் உள்ளவளாகவும் அமையலாம். முதல் தொகுதியில் மனைவியையும் மகனையும் இழந்து, பிணக்கூட்டத்தின் நடுவே மாண்டுபோனதாக எண்ணப்பட்ட கென்னி என்பவன் இரண்டாம் தொகுதியில் திரும்பி வருகிறான். முன்னைவிட மூர்க்கனாக வருகிறான். இது முரணா, வளர்ச்சியா என்று கேட்டால், இழவு கண்டவனிடம் கோபம் முற்றுவது இயல்பு என்றே நம் ஊர்க் கூத்தைப் பார்த்துப் பழகியவர் சொல்லுவார். மனிதனின் வேர் மாறாமல் கிளை வளைந்தால் அது அவனேதான்.

துரியோதனனையே எடுத்துக்கொள்வோம். பகடை இரவில் குரூரமே உருவாக இருந்தவன், பதினெட்டாம் போரில் தம்பிமாரும் கர்ணனும் சேனையும் போய்த் தன்னந்தனியே நிற்கிறான். அன்றைக்கு அவன் அழுது பாடுகிற பாட்டைக் கேட்டுக் கண்கலங்காதவர்கள் குறைவு. ஆனால் வணங்காமுடி என்று பெயர் பெற்ற அவன் கழுத்து மட்டும் அன்றும் வளைவதில்லை. வடமொழியில் அவன் மடுவில் இறங்கி நீரைக் கட்டி உள்ளே ஒளிந்திருந்தான் என்ற அளவோடு கதை போகும். தமிழில் வில்லியும் கூத்தும் இன்னொரு செய்தியைச் சேர்க்கின்றன: மாண்ட தன் சேனை முழுவதையும் திரும்ப எழுப்புகிற மந்திரத்தை அவன் அந்த நீருக்குள் ஜபித்துக் கொண்டிருந்தான். பீமன் வந்து கரையில் நின்று அறைகூவுகிறான். இன்னும் சற்றுப் பொறுத்திருந்தால் பதினொரு அக்குரோணி சேனையும் எழுந்து வந்திருக்கும். ஆனால் பகைவன் அழைத்த பிறகு ஒளிந்திருப்பது துரியோதனனுக்கு அழகில்லை. மந்திரத்தை விட்டு வெளியே வருகிறான். முதல் இரவில் திரையை விலக்கிக் கொண்டு தன் பட்டங்களைச் சொன்னானே, அவனேதான் இவன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

விடிந்ததும் வேஷத்தைக் கலைக்காமல் பீமனும் துரியோதனனும் கூத்துக் களத்திலிருந்து படுகளத்துக்கு நடக்கிறார்கள். அங்கே மல்லாந்து கிடக்கிற பிரம்மாண்டமான மண் உருவம் ஒன்று, மீசையும் கிரீடமும் வண்ணப்பொடியும் பூண்டு தயாராக இருக்கிறது, அதுவும் துரியோதனன்தான். ஒரே பாத்திரம் ஒரே சமயத்தில் ஆடும் மனிதனாகவும் கிடக்கும் மண்ணாகவும் இருப்பதில் ஊராருக்கு யாதொரு குழப்பமும் இல்லை. தொடையில் புதைத்து வைத்த செந்நீர்ப் பானையைப் பீமன் கதையால் அடித்து உடைக்க, அந்தச் செந்நீரால் அம்மனின் கூந்தல் முடிக்கப்படுகிறது. பகடை துகிலில் தொடங்கிய கணக்கு அங்கே தீர்கிறது. கூடியவர்கள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய்த் தானியத்தோடு போட்டு வைப்பார்கள். சில ஊர்களில் இதே களத்தில் ஆடவர் சிலர் மாண்டவர்போல் வெள்ளைத் துணி போர்த்துக் கிடப்பதும், அம்மன் வந்து அவர்களை எழுப்புவதும் உண்டு. துரியோதனனின் மந்திரம் எழுப்ப முடியாமல் போனவர்களை அம்மனின் அருள் எழுப்புகிறது. எழுந்தவர்களும் பசியும் வெறியுமான பிணங்களாக எழாமல், தங்கள் பெயரோடும் உறவோடும் எழுகிறார்கள்.

அம்மன் தானும் திரும்பி வந்தவளே என்பது செஞ்சிப் பக்கத்துக் கதை. பாரதம் முடிந்து யுகமும் மாறிய பின், நூறு தலை அசுரன் ஒருவனுடைய தொல்லை பொறுக்காமல் செஞ்சி அரசன் வேண்ட, திரௌபதி மறுபடியும் அங்கே தோன்றினாள் என்றும், அவ்வசுரனின் கடைசித் தலை நிலத்தில் விழாதபடி போத்துராஜா தன் கையில் ஏந்திக் கொண்டான் என்றும் சொல்லுவார்கள். செஞ்சிக்கு அருகில் உள்ள மேலச்சேரிக் கோயிலைத் தலைமைக் கோயிலாக மதிக்கிறார்கள். தெலுங்கு நாட்டில் கிராம தேவதைகளுக்குத் தம்பியாக நிற்கிற போத்துராஜு, தமிழ்நாட்டில் திரௌபதியின் காவலனாகி, கையில் ஒரு தலையோடு நிற்கிறான். உறவு முறை மாறியிருக்கிறது, காவல் மாறவில்லை. திருத்தணி போன்ற எல்லை ஊரில் இரண்டு போத்துராஜாவும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகவே இருக்க முடியும்.

தீவட்டி வெளிச்சத்தில் ஆடிய கூத்து பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு வந்து, மின்சாரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் வந்தது. முன்னே எட்டூர் கேட்கும்படி பாடியாக வேண்டியிருந்த குரல் இப்போது மைக்கின் முன் வந்து நிற்கிறது. அதனால் ஆட்டத்தின் வட்டம் சுருங்கிவிட்டது என்று பழைய ஆட்டக்காரர்கள் வருந்துவதில் நியாயம் உண்டு. சினிமா மெட்டுக்களும் நுழைந்தன. இவற்றைக் காட்டிலும் ஆழமான மாறுதல் ஒன்று காஞ்சிபுரத்தில் நிகழ்ந்தது. ஆடவர் மட்டுமே கட்டி வந்த இந்தக் கட்டை வேஷங்களை, 1990-ல் அங்கே தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கமும் பின்னர் அது நடத்திய குருகுலமும் பெண் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்தன. ஆடவர் திரௌபதியாக நின்று ஆவேசம் கொண்டதை இத்தனை நூற்றாண்டு ஒப்புக்கொண்ட சபை, பெண் ஒருத்தி கிரீடமும் புஜக்கட்டையும் தாங்கித் துரியோதனனாகத் திரைக்குப் பின் நின்று விருத்தம் பாடுவதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவளையும் கட்டியக்காரன் யாரென்று கேட்பான். அஸ்தினாபுரத்து ராஜா என்று அவள் சொல்லுகிற குரலில் வணக்கம் மட்டும் தொனிக்கக் கூடாது.